மோட்டார் தகட்டில் ஒரு பொட்டு

சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினால் பிரிந்து போன மனைவி திரும்பி வந்துவிடுவாள் என்று நம்பிய முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பெட்டியை முதல் தடவை தப்பான அளவில் வாங்கியவனும் அடியேன்தான்.

கிள்ளானில் எங்களுக்கு ஒரு மசாலா மில் இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் வறுத்த மல்லியும் மிளகாயும் வாளி வாளியாக வந்து வரிசையில் நிற்கும். அரைப்பது மோட்டார், ஆனால் மில்லை நடத்தியது என் மனைவியின் மூக்கு. விழும் பொடியை விரலில் தேய்த்து மோந்து பார்த்து, "மல்லி சூடாவுது, வாசம் போயிரும், கொஞ்சம் மெதுவா ஓடணும்" என்பாள். எங்கள் பழைய மோட்டாருக்கு மெதுவாக ஓடத் தெரியாது. ஒன்று ஓடும், இல்லையென்றால் நிற்கும்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். அதை வாங்கி மாட்டச் சொல்லி நெடுநாள் கேட்டாள். "மொதல்ல உன் வாய்க்கு ஒண்ணு மாட்டிப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நான் மட்டும் சிரித்தேன்.

போன தீபாவளிக்கு முன்னால் ஒருவழியாக வாங்கினேன். மோட்டார் ஏழரை ஹார்ஸ்பவர். பெட்டியின் மேலும் ஏழரை என்றுதான் போட்டிருந்தது. ஏழரை என்று பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காலியாக ஓட்டிப் பார்த்தபோது பூனை மாதிரி ஓடியது. கூட்டம் வந்த நாளில் மிளகாயைக் கொட்டியதும் ஓவர்லோட் என்று காட்டி நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. வரிசை முணுமுணுத்தது.

"ஏங்க, சரியான சைஸ் கேட்டுத்தான் வாங்குனீங்களா?" என்றாள் அவள், காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ ஒரு கூட்டம் கிடைத்தால் போதும்.

"இது அப்படியே என் சம்சாரம் மாதிரி லா. கொஞ்சம் வேலை சேத்துக் குடுத்தா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னுரும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய வேகத்திலேயே ஓட்டினோம். தீபாவளி வரைக்கும் அவள் வந்தாள். ஏப்ரனை மட்டும் தொடவில்லை. பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். சும்மா இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். ஏப்ரன் இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது.

இந்த வருடம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவில் வேறொரு கடைக்குப் போனேன். நான் மசாலா மில், ஏழரை என்று ஆரம்பித்ததும் கவுன்டரில் இருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹார்ஸ்பவர மட்டும் பாத்து வாங்கக் கூடாது பாஸ். மோட்டார் எத்தன ஆம்பியர் இழுக்குதுன்னு தகட்டுல இருக்கும், அதப் பாருங்க. பழைய மோட்டார் கூடவே இழுக்கும். நீங்க வாங்குனது ஃபேனுக்கும் பம்புக்கும் உள்ளது. மில்லுக்கு ஹெவி டூட்டி வேணும். தகட்ட ஒரு படம் எடுத்து அனுப்புங்க லா."

மில்லுக்கு வந்து குனிந்து பார்த்தேன். தகடு இருந்தது, எழுத்தைக் காணோம். மோட்டாரின் உடம்பெல்லாம் வரிவரியான இரும்பு. சமமாக இருக்கும் ஒரே இடம் அந்தத் தகடுதான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவள் அங்கேதான் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, மிளகாய்ப் பொடியும் சேர்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது. ஆம்பியர் அதற்கு அடியில். போன வருடம் அதைச் சுரண்டிப் பார்க்கச் சோம்பல். இந்த வருடம் மனசு வரவில்லை. கடைசிப் பொட்டில் அவள் விரல் அழுந்திய குழி அப்படியே இருந்தது.

ஈரத்துணியோடு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மோட்டாருக்கு முகம் கழுவிவிட இந்த ஆம்பிளை இவ்வளவு அழ வேண்டுமா என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தும் அழுகை நிற்கவில்லை. துடைத்தேன். துணி சிவந்தது. எண் தெரிந்தது. போன வருடப் பெட்டியால் கொடுக்க முடிந்ததைவிட மோட்டார் கேட்டது அதிகம். பாவம் அந்தப் பெட்டி, தன்னால் முடிந்தவரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது.

புதுப் பெட்டி ஒரு அளவு பெரியது. மில்லின் வாய் நிறைய மிளகாயைக் கொட்டினேன், நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து மல்லி அரைத்தேன். பொடியைத் தொட்டால் கையில் சூடே இல்லை. ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். பக்கத்து இருக்கைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்; மல்லி வாசத்துக்கா, என் முகத்துக்கா தெரியவில்லை.

அக்கா வீட்டுக் கதவை அவளே திறந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த ஜோக்குகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பொட்டலத்தை நீட்டினேன். பிரித்து, விரலில் தேய்த்து, கண்ணை மூடி மோந்தாள். மில்லில் நிற்பது போலவே நின்றாள். எனக்கு உயிர் வந்தது.

"சூடு இல்ல," என்றாள்.

"தீவாளிக் கூட்டம் வரப்போவுதும்மா. நீ இல்லாம யாரு மோந்து பாக்கறது?"

பொட்டலத்தைப் பழையபடி மடித்து என் கையில் வைத்தாள்.

"ஆளு வெச்சுக்குங்க."