முத்திரை இல்லாத பந்தல்

முகைதீன் மரைக்காயருக்கு எதையும் தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கதவு, கட்டில், கடைப்பலகை எதுவானாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உடனே மரத்தின் பெயர் வந்துவிடும். மகள் பரீதாவுக்குச் சம்மந்தம் பேசப் போன இடத்திலும் முதலில் நாற்காலியைத் தட்டி, "மெர்பாவ். நல்ல மரம்" என்றார். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று அப்புறம்தான் கேட்டார். பரீதா பேரன் பேத்தி எடுத்த பிறகும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

காட்டிலாகாவில் சாதாரணக் காவலாளியாகச் சேர்ந்து ரேஞ்சர் வரை உயர்ந்தவர் அவர். சிங்கப்பூரின் கிராஞ்சிச் சதுப்பும் சுவா சூ காங் பக்கத்துச் சர்க்கார் காடுகளும் அவர் பொறுப்பில் இருந்தன. வாரமெல்லாம் காட்டில் கிடந்துவிட்டு வியாழன் மாலை சிராங்கூன் சாலை வீட்டுக்கு வருவார். மனைவி ஆமினா பீவி அவரைப் பின்வாசலிலேயே நிறுத்தி, கையில் உப்போடு, உடம்பில் ஒட்டியிருக்கும் அட்டையைத் தேடுவாள். காட்டில் ஊரையே சோதிக்கிற மனுஷர், வீட்டில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பார். அதற்குள் பிள்ளைகள் அவர் சட்டைப் பையிலிருக்கும் காட்டு ரம்புத்தான் பழங்களைக் காலி செய்துவிடுவார்கள். அப்படி ஒரு தகப்பன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. சர்க்கார் காட்டில் அனுமதியோடு வெட்டிய மரத்துக்கு, கம்பானாலும் பலகையானாலும், வெட்டுமுகத்தில் சுத்தியலால் முத்திரை அடிப்பார்கள். முத்திரை இல்லாதது திருட்டு மரம், அங்கேயே பறிமுதல்.

1909இல் ஓய்வு பெற்றார். அந்த வருஷமே பரீதாவுக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை ரவூப், மரக்கடை ஒலி முகம்மதுவின் மகன். பரீதா அவனைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்திருந்தாள். அதுவே போதுமாக இருந்தது. ஒலி முகம்மது பெரிய மனசு பண்ணி, பெண் வீட்டுப் பந்தலுக்கென்று ஒரு வண்டி சதுப்புக்காட்டுப் பாக்காவ் மரக் கம்புகளை அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். வீட்டு முன்னால் பந்தல் ஜோராக எழுந்தது.

நிக்காஹ் அன்று காலை, கையெல்லாம் மருதாணியோடு பரீதா மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். கீழே வாப்பா பந்தலைச் சுற்றி வந்தார். மிச்சக் கம்புகள் சுவரோரம் கிடந்தன. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? குனிந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு நட்டிருந்த கம்பு ஒன்றையே பிடுங்கிப் பார்த்தார். பந்தலின் ஒரு மூலை ஸலாம் சொல்வதுபோல் குனிந்தது.

"ஒண்ணுலயும் முத்திரை இல்லை, ஆமினா."

"யா அல்லாஹ்! சாயந்திரம் மாப்பிள்ளை வராரு, இப்ப போய் கம்பை மோந்து பாக்குறீங்களே! சர்க்கார் உங்களுக்கு ஓய்வு கொடுத்தாச்சு. நீங்க உங்க கண்ணுக்கு ஓய்வு கொடுங்க."

"ஒரு கட்டு விறகுக்காக எத்தனை ஏழைங்களை அழவெச்சிருக்கேன். என் வீட்டு விசேஷம்னதும் கண்ணை மூடிக்கிட்டா, அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"சம்மந்தி கொடுத்ததைப் பிடுங்கிப் போட்டா அவர் முகத்துல எப்படி முழிப்பீங்க? மாப்பிள்ளைய அழைச்சிட்டுப் போயிட்டாருன்னா?"

வாப்பா ஒரு முறை மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பரீதா பார்த்தாள். கோபப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை, மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவர் கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

பக்கத்து மாட்டுக் கொட்டகையிலிருந்து மாணிக்கக் கோனார் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கம்புதானே பாய் இல்லை? என்கிட்ட வண்டி இருக்கே!"

மாட்டு வண்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து, பின்பக்கம் தரையில் ஊன்றி, நுகத்தடி வானத்தைப் பார்க்க நிறுத்தினார்கள். நுகத்தடிகளில் துணியைக் கட்டினார்கள். பந்தல் தயார். அத்தரையும் மீறிச் சாணி வாசனை வந்தது. அதற்கு ஆமினா பீவி சாம்பிராணி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனாள்.

மாலையில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றது. ஒலி முகம்மது வண்டிகளை அண்ணாந்து பார்த்தார்.

"நான் அனுப்பிய கம்பு எங்கே, சம்மந்தி?"

"உள்ளே அடுக்கியிருக்கு. நாளைக்குக் காட்டிலாகாவுக்குப் போகும். முத்திரை இல்லை."

ஊர்வலத்தில் வாழ்த்துப் பைத் பாடிவந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். மருதாணி சிவந்த கையால் பரீதா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒலி முகம்மதுவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. மனுஷர் வெடித்துச் சிரித்துவிட்டார்.

"இத்தனை வருஷமா உங்களுக்குப் பயந்து முத்திரை இல்லாம ஒரு குச்சி வாங்கினதில்லை, சம்மந்தி. ரிட்டையர் ஆயிட்டீங்களேன்னு முதமுதலா வாங்கினேன். அதையும் உங்க வீட்டுக்கே அனுப்பிட்டேன் பாருங்க!"

கட்டித் தழுவிக்கொண்டார்கள். அன்று வண்டிப் பந்தலில் பிரியாணி தின்றவர்கள் அதைப் பல காலம் பேசினார்கள். அபராதத்தை ஒலி முகம்மது முணுமுணுக்காமல் கட்டினார்.

1921இல் ஒரு வெள்ளிக்கிழமை முகைதீன் மரைக்காயர் மௌத்தானார். தூக்கத்திலேயே போய்விட்டார். பரீதா அதே மாடி ஜன்னலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கபுருக்குள் வைக்கும் பலகைகளை அவசரத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கடையிலிருந்து கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். கிழவராகிவிட்ட ஒலி முகம்மது, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்ன தேடுறீங்க பாய்?" என்றான் வண்டிக்காரன்.

"முத்திரை. இல்லாததை வெச்சா என் சம்மந்தி எந்திரிச்சு உக்காந்துடுவார்."

மௌத்து வீடென்பதையும் மறந்து எல்லாரும் சிரித்தார்கள். பரீதாவும் அழுதபடியே சிரித்தாள். கீழே ஒலி முகம்மது கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிப் பலகையின் முனையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். அதை மட்டும் வண்டியில் திருப்பி ஏற்றச் சொன்னார்.