கீழ்வீட்டுக்குக் கேட்காத சைக்கிள்

என் வீட்டுக்காரர் பட்டறையில் லேத் ஓட்டியவர். முப்பத்தோரு வருடம் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார். பஸ்ஸில் போகச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்து அவர் நாள் தவறாமல் செய்த ஒரே காரியம் சைக்கிளைத் துடைப்பதுதான். எங்கள் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தவர் அவர்.

போன வருடம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி இறங்கும்போது மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கீழ்வீட்டு நர்ஸ் அப்போதுதான் இரவு டியூட்டி முடிந்து ஏறிவந்தாள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு ஆம்புலன்ஸை வரவழைத்து, தானும் கூடவே ஏறிப் போனாள். இன்னும் அரை மணி போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். கை, கால், பேச்சு எல்லாம் திரும்பிவிட்டன. வலப் பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. ரோட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பட்டறை வேலையும் அதோடு போயிற்று. நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்; காலையில் போனால் நாலு மணிக்குத்தான் திரும்புவேன். அதுவரை மனிதர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். சோற்றைக் கொறிப்பார். எதைக் கேட்டாலும் “ம்” என்பார். பிழைத்து வந்தவரை நாற்காலிக்குப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். பிசியோதெரபி அம்மாதான் வழி சொன்னார்: சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க ட்ரெய்னர் என்று ஒரு ஸ்டாண்டு வருகிறது; அதை வாங்கி, அவருடைய சைக்கிளையே மாட்டி வீட்டிலேயே மிதிக்கட்டும்.

சைக்கிள் கடையில் மூன்று வகை காட்டினார்கள். ஒன்று, மூன்று உருளைகள் மேல் சைக்கிளைச் சும்மா நிறுத்தி மிதிப்பது. விழுந்தால் நேராக ஆஸ்பத்திரிதான், வேண்டாம் என்றேன். இரண்டாவதில் பின் டயர் ஒரு உருளையில் உரசிச் சுற்றும். மூன்றாவதில் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலியை ட்ரெய்னரிலேயே மாட்ட வேண்டும். விலை இரண்டாவதைப் போல மூன்று மடங்கு.

“ரெண்டாவதே போதுமே” என்றேன்.

“பகல்ல தங்கச்சி தூங்கும்” என்றார். நர்ஸை அவர் அப்படித்தான் சொல்வார். “உசுரக் குடுத்த புள்ளையோட தூக்கத்தக் கெடுக்கச் சொல்றியா?”

சரி, மூன்றாவதையே வாங்கலாம் என்றேன். ஆனால் அவர் என்னை விடவில்லை. கடைக்குக் கீழே இருந்த குடோனுக்கு என்னை அனுப்பிவிட்டு, மாடியில் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். டயர் பெட்டிகளுக்கு நடுவே நான் போனும் கையுமாக அண்ணாந்து நின்றேன். இரண்டாவது மாவு மில் மாதிரி இரைந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“எப்பதான் மிதிக்கப் போறீங்க? எனக்குக் கழுத்து வலிக்குது.”

“அட, அஞ்சு நிமிஷமா மிதிக்கிறேன்டி!”

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் குரலில் சிரிப்பைக் கேட்டேன். மூன்றாவதையே வாங்கினோம்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் நான் வேலை விட்டு வந்தால் படுக்கையறை முழுக்கச் சிமெண்டுத் தூள். ட்ரெய்னரின் கால்களில் இருந்த ரப்பரையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, தரையில் துளை போட்டு, நாலு போல்ட்டால் இறுக்கியிருந்தார். வாடகை வீட்டில்!

“பட்டறையில எந்த மெஷினையும் போல்ட் போடாம ஓட்டினதில்ல” என்றார் பெருமையாக.

தினமும் பத்து மணிக்கு மிதிப்பார். இரண்டு வாரத்தில் ஆளே மாறிவிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார். என் சமையலைக் குறை சொன்னார். அவர் குறை சொல்லி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது வாரம் ஒருநாள் லீவு போட்டிருந்தேன். கொடியிலிருந்து துண்டு கீழ்வீட்டுப் பால்கனியில் விழுந்துவிட, எடுக்கப் போனேன். மேலே இவர் மிதித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தூக்கக் கண்களோடு கதவைத் திறந்தாள். உள்ளே போனால் படுக்கையறை முழுக்க ரீங்காரம். அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. சத்தம் போல்ட் வழியாகத் தரைக்குள் இறங்கி இங்கே வந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய பாயும் தலையணையும் சமையலறைத் தரையில் கிடந்தன.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பரவால்லக்கா. சத்தம் வந்தா அண்ணன் நல்லா இருக்கார்னு அர்த்தம்” என்றாள் கொட்டாவியோடு.

மேலே ஓடி வந்து அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் சைக்கிளை விட்டு இறங்கினார். ஸ்பானரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினார். ரப்பரை மாட்டி, அடியில் தடித்த ரப்பர் பாயைப் போட்டார். அவர் மிதிக்க, நான் கீழே போய்க் கேட்டேன். அலமாரி அசையவில்லை. அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது படியில் நிறுத்தினார்.

“தப்பு என் மேலதான் தங்கச்சி. இனிமே நீ வேலைக்குப் போன பிறகு, ராத்திரியில மிதிச்சுக்கிறேன். பகல்ல நிம்மதியாத் தூங்கு.”

“வேண்டாம்ணா. பத்து மணிக்கே மிதிங்க” என்றாள் அவள். “அப்ப அக்கா வீட்ல இருக்க மாட்டாங்க. நான் இருப்பேன். ஏதாவது விழுந்தா கீழ கேட்கும், ஓடி வந்துடுவேன். கதவ மட்டும் தாழ்ப்பாள் போடாதீங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று தினமும் பஸ்ஸில் கவலையோடு உட்கார்ந்திருந்தவள் நான். அவர் ஒருநாள்கூடத் தனியாக இருக்கவில்லை.