எல்டோரெட் போயிருக்கா

நீண்ட ஓட்டம் முடித்துப் படுத்த தங்கையை சலீனா இதுவரை ஒரே ஒரு முறைதான் எழுப்பியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை காலை பத்து ஐம்பத்தாறுக்கு. நேரம் அவளுடைய நோட்டில் இருக்கிறது.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சலீனா, இதென் என்கிற மலையூரின் கடைத்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். அளவு அரை விரல் பிசகினாலும் மொத்தத்தையும் பிரித்துப் போட்டு மறுபடி தைப்பாள். ஓட்டக்காரியான தங்கை ஜெலகாட்டைக் கவனித்துக்கொண்டதும் அதே கைதான். ஓடப் போகுமுன் எடை, வந்த பிறகு எடை, எத்தனை குவளை டீ, எத்தனை மணிக்குத் தூக்கம், மறுநாள் கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணிய நாடி, எல்லாம் பழுப்பு அட்டை போட்ட நோட்டில் ஏறிவிடும். பயிற்சியாளரே சந்தேகம் வந்தால் அந்த நோட்டைத்தான் கேட்பார். "என் தங்கச்சி" என்று அவள் சொல்லும்போது, தானே வெட்டித் தைத்த துணியைக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

அன்றைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கூட்டத்தோடு கிளம்பிய ஜெலகாட் எட்டு முப்பத்தைந்துக்கு வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரை செம்மண், நெற்றியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"முட்டியை யாரோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க அக்கா."

"கழட்டினவங்களே கொண்டாந்து மாட்டிடுவாங்க. ஏறி நில்லு, எடை பார்க்கணும்."

"முதல்ல டீ குடுடி அக்கா, புண்ணியமாப் போகும்."

"எடைக்கு அப்புறம்தான் டீ. குடிச்சிட்டு ஏறினா கணக்கு தப்பிடும்."

இரண்டு கிலோ நூறு கிராம் குறைந்திருந்தது. பாதிக்குப் பாதி பால் விட்டு நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ இரண்டு குவளை. பிறகு கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கால்கள் பத்து நிமிடம். பிறகு சோளமாவுக் களி, கீரை, கரி பூசிய சுரைக்குடுவையிலிருந்து புளித்த பால். பிறகு சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒன்பது ஐம்பதுக்கு ஜெலகாட் தூங்கிவிட்டாள். சலீனா அவளுடைய போனை அணைத்துத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஓடும்போது உடம்பு கிழிகிறது, தூக்கத்தில்தான் தையல் விழுகிறது என்பது அவள் கண்ட உண்மை. அதனால் சனிக்கிழமை காலைகளில் அவள் தையல் மெஷினைக்கூட மிதிக்க மாட்டாள்.

ஏழு வாரத்தில் ஜெலகாட்டுக்கு வெளிநாட்டில் முதல் மாரத்தான். விமான டிக்கெட் வந்தாகிவிட்டது. அதற்கு நடுவே ஒரு முள் இருந்தது. ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லையென்றால் ஒரு குறி. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று குறி விழுந்தால் இரண்டு வருடம் ஓட முடியாது. நவம்பர் மழையில் ஊர்ப்பாதை அறுந்தபோது ஜெலகாட்டுக்கு ஒன்று விழுந்தது. ஏப்ரலில் இந்த வீட்டுக்குக் குடிவந்து, முகவரியை மாற்ற மறந்ததில் இன்னொன்று.

படுத்த கொஞ்ச நேரத்திலேயே பக்கத்து வீட்டுக் கிமாயோ அம்மா வாழைத்தாரோடு வந்தாள்.

"ஜெலகாட் இருக்காளா? நாளைக்கு சர்ச்சுல அவ முன்வரிசையில உட்காரணும்னு பாஸ்டர் சொல்லிவிட்டிருக்கார்."

"எல்டோரெட் போயிருக்கா."

கிமாயோ அம்மாவின் குரல் உடனே பாதியானது. "எப்ப வருவா?"

"ஒரு மணி பஸ்ஸுக்கு."

"நல்லா போயிட்டு வரட்டும். எத்தனை கிலோமீட்டர் எல்டோரெட்டு?"

"முப்பத்தெட்டு."

"அடியாத்தே!" என்று வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, தாரை ஓசைப்படாமல் இறக்கி வைத்துப் போனாள்.

எல்டோரெட் என்பது பஸ்ஸில் போய்வருகிற பக்கத்து நகரம்தான்; ஆனால் அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. தூங்குகிறாள் என்று சொன்னால், வந்தவர் காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவருக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது. குவளை மோதும், பேச்சு வளரும், உள்ளே படுத்திருப்பவள் புரண்டு விழிப்பாள். எல்டோரெட் போயிருக்கா என்றால் யாரும் உட்கார மாட்டார்கள். பொய் என்று யாரும் நினைப்பதும் இல்லை.

பத்து மூன்றுக்கு வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்றது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இறங்கினார்கள். சாதாரண உடை, பெண்ணின் தோளில் ஒரு பெரிய கறுப்புப் பை.

"ஜெலகாட் இருக்காங்களா?"

"நீங்க யாரு?"

"அவங்ககிட்டதான் சொல்லணும். வேலை விஷயம்."

போன மாதம் இதே மாதிரிப் பையோடு, ஓட்டக்காரர்களைத் தேடி, ஓர் ஏஜென்ட் வந்து மூன்று மணி நேரம் நாற்காலியைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தான். சலீனா நன்றாக நிமிர்ந்து நின்றாள்.

"எல்டோரெட் போயிருக்கா."

"நிச்சயமாவா?"

"நான் அவ கூடப் பிறந்தவ. எனக்குத் தெரியாதா?"

"உங்க பேர் என்னம்மா?"

சலீனா சொன்னாள். பெண் அதை ஒரு தாளில் எழுத்துக்கூட்டி எழுதினாள். பக்கத்தில் "எல்டோரெட்" என்றும் எழுதினாள். பெயரைச் சரியாக எழுதிக்கொள்கிறவர்களை சலீனாவுக்குப் பிடிக்கும். வந்தவர்கள் போகாமல் காருக்குள் போய் உட்கார்ந்ததுதான் பிடிக்கவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பெண் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். ஒவ்வொரு முறையும் சலீனா விரலை உதட்டில் வைத்து, "இன்னும் வரலை, தட்டாதீங்க" என்றாள். இல்லாதவளுக்காக எதற்கு விரலை உதட்டில் வைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வாசலுக்கு வந்தவர்களை இப்படி வெயிலில் வைத்திருப்பதும் மனதை உறுத்தியது. இரண்டு குவளை டீயைக் காருக்கே எடுத்துப் போனாள்.

"வேண்டாம்மா. வேலை முடியற வரைக்கும் நாங்க எதுவும் குடிக்கக் கூடாது."

அவளுக்கு முதல் அதிர்ச்சி அதுதான். தன் வீட்டு வாசலில் டீயை மறுத்த மனிதரை அவள் இதுவரை பார்த்ததில்லை. கொலைப் பகையோடு வருகிறவன்கூட டீயைக் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான். அந்த நேரத்தில் பெண் போனைக் காதில் வைத்தபடி சொன்னாள்: "மணி பத்து ஐம்பத்தஞ்சு. கடைசி அஞ்சு நிமிஷம். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கறோம். ஆனா அவங்க போன் அணைஞ்சிருக்கு."

அந்தப் போன் சலீனாவின் இடுப்பில் கனத்தது.

பத்து ஐம்பத்தைந்து. கடைசி ஐந்து நிமிடம். எதன் கடைசி? நோட்டின் முதல் பக்கத்தில், தன் கையாலேயே, ஸ்கேலை வைத்து அடிக்கோடு போட்டு எழுதியது கண் முன்னால் வந்து நின்றது: இந்த மாதம் முதல் சோதனை நேரம் 10–11. முன்பெல்லாம் விடிகாலை ஐந்து. எப்போதும் பெட்டியோடு ஓர் உயரமான ஆள் வருவான். ஜெலகாட்தான் மாற்றச் சொன்னாள். "அந்த நேரத்துல நான் செத்த பிணம் மாதிரி வீட்டுலயே கிடப்பேன் அக்கா. நீயும் வாசலை விட்டு நகர மாட்டே. அதைவிடப் பத்திரமான நேரம் ஏது?" என்று சொல்லிச் சிரித்தாள்.

டீ குவளை இரண்டும் கையிலிருந்து விழுந்தன. அவள் குனியவில்லை.

"அவ உள்ளேதான் இருக்கா."

பெண் நிமிர்ந்தாள். "என்ன?"

"உள்ளே இருக்கா. தூங்கறா. எல்டோரெட்னா இங்கே தூக்கம்னு அர்த்தம்."

"என்னம்மா சொல்றீங்க?"

பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே ஓடினாள். திரைக்கு அந்தப் பக்கம் ஜெலகாட் வாயைத் திறந்து, ஒரு கை தரையைத் தொட, ஆழ்ந்த தூக்கத்தில் கிடந்தாள். சலீனா கையை நீட்டினாள். தோளைத் தொடும் முன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மூன்று வருடமாக இந்தத் தூக்கத்தின் மேல் ஓர் ஈ உட்கார விட்டதில்லை.

"ஜெலகாட்! எழுந்திரு! எழுந்திருடி!"

ஜெலகாட் கண் திறந்த விதத்தை சலீனா மறக்க மாட்டாள். அக்காவின் குரலில் தன் பெயரை அவள் அந்த நேரத்தில் கேட்டதே இல்லை.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகலை. நான்தான் உன்னைக் கொன்னுட்டேன். சோதனைக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. மணி பத்து ஐம்பத்தாறு."

ஜெலகாட் எழுந்தாள், தொடை பிடித்துக்கொள்ள உடனே உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடிய கால்கள் எட்டடி நடக்க மறுத்தன. சலீனா அவள் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். வாசலில் இருந்த இரண்டு படிகளை, நீண்ட ஓட்டம் முடித்த எல்லோரையும் போல, ஜெலகாட் பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

"நான்தான் ஜெலகாட்."

பெண் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். பத்து ஐம்பத்தெட்டு.

சலீனா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டே நிமிடம்தான் மிச்சம் இருந்தது. கிமாயோ அம்மாவிடம் பேசியதே அதைவிட அதிக நேரம்.

அதோடு முடியவில்லை. சிறுநீர் கொடுக்க வேண்டும். இரண்டு கிலோ வியர்வையாய்ப் போன உடம்பில் அது எங்கே இருக்கும்? ஜெலகாட் தண்ணீர் குடித்தாள், காத்திருந்தாள், மறுபடி குடித்தாள். அந்தப் பெண் அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலை சாய்ந்து சாய்ந்து விழுந்தபோதும் ஜெலகாட் நாற்காலியை விட்டு எழவில்லை. சலீனா சுவரோரம் நின்றபடி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு மணி ஆறு நிமிடத் தூக்கம். வேண்டியது மூன்று மணி நேரம். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி ஓட்டம் போயிற்று. எதைக் காப்பாற்ற வாசலில் நின்றாளோ அதையும் தன் கையாலேயே கெடுத்திருந்தாள்.

"அக்கா, அப்படி நிக்காதே. பேய் மாதிரி இருக்கே."

"நீ பேசாதே. தண்ணியைக் குடி."

ஒன்று முப்பதுக்குத்தான் குப்பிகள் நிறைந்தன. மூடிகளை முறுக்கி முத்திரை வைத்த பிறகு பெண் படிவத்தை எடுத்தாள்.

"சலீனாம்மா, நீங்க முதல்ல சொன்னதை நான் எழுதித்தான் ஆகணும். ஆனா பயப்படாதீங்க. உங்க தங்கச்சி நேரத்துக்குள்ள வந்துட்டாங்க. குறி விழாது."

"கீழே குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அது யாருக்கு?"

"வீராங்கனைக்கு. ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

"என்ன எழுதணும் அக்கா?" என்றாள் ஜெலகாட், பேனாவைப் பிடித்துக்கொண்டு.

"இப்படி எழுது. பத்து மூணுக்கு என் அக்கா சலீனா பொய் சொன்னா. நான் வீட்டுலதான் தூங்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாது. போனை அணைச்சதும் அவதான்."

"பொய்னு எழுதணுமா? தெருவே சொல்றதுதானே?"

"அவங்க இந்தத் தெரு இல்லையே. அவங்களுக்கு அது பொய்தான். எழுது. பத்து மூணு, அதை மறந்துடாதே."

ஜெலகாட் எழுதினாள். கூட வந்த ஆள் முதல் தடவையாகச் சிரித்தான். "ஏம்மா, இதென்ல எல்லாரும் இப்படித்தான் எல்டோரெட் போறாங்களா? எத்தனை வீட்டுலேருந்து திரும்பிப் போயிருக்கேனோ தெரியலையே!"

சலீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தெருவில் எத்தனை ஓட்டக்காரர்கள், எத்தனை அக்காக்கள், எத்தனை அம்மாக்கள் என்றுதான் அவள் எண்ணத் தொடங்கினாள்.

வேலை முடிந்ததால் இருவரும் டீ குடித்தார்கள். கார் கிளம்பியதும் ஜெலகாட் கட்டிலில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே தூங்கிப் போனாள். போனை அணைக்கப் போன சலீனா, அணைக்காமல் கட்டிலோரம் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கிமாயோ அம்மா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "என்னடி, எல்டோரெட்லேருந்து வந்தாச்சா?"

"எல்டோரெட் போகலை. உள்ளேதான் இருக்கா. தூங்கறா. எழுப்பட்டுமா?"

கிமாயோ அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "உனக்கு என்ன ஆச்சுடி? காலைலேருந்து வெயில்ல நின்னியா?" தலை வேலிக்குப் பின்னால் மெல்ல மறைந்தது.

சலீனா நோட்டைத் திறந்து எழுதினாள். இரண்டு ஐந்து. கிமாயோ அம்மா. இருக்கிறாள் என்று சொன்னேன்.