மசியாத பத்தாயிரத்து ஏழு

கொட்டச்சேட்டுப் பக்கத்து எஸ்டேட்டில் காபி நாத்து வளர்க்கிற அருக்காணிக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. ஜீப் நம்பரைக்கூட விடமாட்டாள். படிப்பு என்னவோ அஞ்சாம் வகுப்புதான். ஆனால் கணக்கில் அவளை அசைக்க ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரணும்!

எழுபத்தாறாம் வருசம் அவள் தலையில் ஒரு பழி விழுந்தது. சேலத்திலிருந்து புதுசாக வந்த, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி நர்சரியில் இருந்த நாத்துப் பைகளை எண்ணி, "மொத்தம் 10,007. எல்லாம் ஒரே எண்ணிக்கையுள்ள சம வரிசை, உதிரி இல்லை" என்று நோட்டில் எழுதியிருந்தார். மழைக்கு மலையில் நட்டு முடித்தபோது பத்தாயிரம் குழிதான் நிரம்பியது. பாத்திகளையும் கலைத்தாயிற்று, திரும்ப எண்ண வழியில்லை.

"ஏழு நாத்தை எங்க வித்தே? சனிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா நர்சரிப் பக்கமே வராதே" என்றார் ரைட்டர். பன்னிரண்டு வருசமாகப் பிள்ளை மாதிரி நாத்து வளர்த்தவளைப் பார்த்து!

களை வெட்டிக்கொண்டே இரண்டு நாள் அந்த எண்ணோடு மல்லுக்கட்டினாள். ஏழால் வகுத்தால் நாலு மிச்சம். பதிமூணால் பத்து. தொண்ணூற்றேழால் பதினாறு. சனியன், நூறு வரைக்கும் எதற்குமே மசியவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்றாள். "ஏனுங்க, பத்தாயிரத்து ஏழை எப்படிப் பிரிச்சாலும் சம வரிசை வராதுங்க. நூறு வரைக்கும் போட்டுப் பாத்துட்டனுங்க."

"நூத்துக்கு மேல?"

"வரிசையும், வரிசைக்குள்ள பையும் ரெண்டுமே நூத்துக்கு மேல இருந்தா, நூத்தியொண்ணை நூத்தியொண்ணால பெருக்குனாலே பத்தாயிரத்து இருநூறைத் தாண்டிருமுங்க. அப்ப ஒண்ணாவது நூத்துக்குள்ள வந்தே ஆகோணும். வரலீங்க. ரைட்டரய்யா எண்ணுனது நெசம்னா, கொஞ்சம் பை வரிசைக்கு வெளியதான் இருந்திருக்கோணும்."

சொன்ன வாய் மூடும் முன்னே அவளுக்குப் பொறி தட்டியது. "அட, நம்ம கன்னிமாருங்க!"

வருசா வருசம் பைகளைப் பாத்தியில் அடுக்கும் முன்னால் நர்சரி ஓரத்து ஏழு கன்னிமார் கல்லுக்கும் ஆளுக்கொரு நாத்துப் பை வைப்பார்கள். சாமிக்கு வைத்ததை இங்கே யாரும் எண்ணுவதில்லை, அவளும் எண்ணவில்லை. ரைட்டருக்கு இது எப்படித் தெரியும்? அதையும் சேர்த்து எண்ணித் தொலைத்துவிட்டார்.

போய்ப் பார்த்தார்கள். ஏழு கல், ஏழு நாத்து. மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அருக்காணிக்குப் பெருமை தாங்கவில்லை, அழுகையும் வந்தது.

அடுத்த வருசம் தேவசிகாமணி நோட்டில் எழுதும் முன் நேராக நர்சரிக்கு வந்தார். "ஏனுங்க அருக்காணி, பன்னெண்டாயிரத்து நூத்தி எட்டு. சரியா வருமுங்களா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "செத்த இருங்க. பாத்துச் சொல்றேன்."