அக்கா செய்த என் ஜெபம்

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். சத்துணவு வந்த புதிது. அங்கே சமைத்த அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் கணவருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அக்காவோடு நானும் இருந்தேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன், கட்டிலருகே நின்று ஜெபித்தேன். அவர் தேறி வீடு திரும்பிய வாரமே அக்கா கேட்டார்.

“டீச்சர், நீங்க சாமிகிட்ட பேசுற மாதிரி எனக்கும் சொல்லிக் குடுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

“சொல்லிக் குடுக்க என்னக்கா இருக்கு? நான் ஜெபம் பண்றப்ப பக்கத்துல முட்டிபோடுங்க. கேட்டுக் கேட்டு வந்துடும். மனசுல இருக்கறத மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான்.”

அன்று முதல், பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருவரும் முழங்காலிடுவோம். முதல் வாரம் நல்ல நல்ல வார்த்தைகளாகத் தேடிப் பேசினேன். இரண்டாம் வாரம் பக்கத்தில் ஆள் இருப்பதே மறந்துபோய், வழக்கம்போல எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, பெரம்பலூர் சபையில் நடந்த பெண்கள் கூட்டத்துக்கு அக்காவை அழைத்துப் போனேன். என் மாமியாரும் வந்தார். முடிவில் ஆசீர்வாதம் சொல்ல வந்த பாஸ்டர் ஐயா, “புதுசா வந்திருக்கற சகோதரி ஒரு ஜெபம் பண்ணுங்களேன்” என்றார். அக்கா கூச்சப்படுவார் என்று நினைத்தேன். சட்டென்று எழுந்து, முக்காடிட்டுக்கொண்டு, அச்சு அசலாக என்னைப் போலவே இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

“அன்புள்ள ஆண்டவரே, ஸ்தோத்திரம். எங்க பாஸ்டர் ஐயா பிரசங்கத்தச் சுருக்கமா முடிக்க கிருபை தாங்கப்பா. பன்னண்டரை பஸ் போயிட்டா வூடு போய்ச் சேர மூணு மணி ஆயிடுது. எங்க மாமியாருக்கு நல்ல புத்தி குடுங்க. நான் வெக்கிற கொழம்புல குத்தம் சொல்லாம அவங்க நாக்கக் காத்துக்கங்க.”

அக்காவின் மாமியார், அக்கா கல்யாணத்துக்கு முன்பே காலமானவர். அது என் மாமியாருக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டரை பஸ்ஸுக்கு ஓடுகிற குடும்பம் சபையிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்பது பாஸ்டர் ஐயாவுக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக “ஆமென்” சொன்னவர் பாஸ்டரின் மனைவி.

திரும்பும்போது மாமியார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கிருஷ்ணாபுரம் தாண்டியதும், “புளி தூக்கலா இருக்குன்னுதான சொன்னேன். அதுக்குப் போயி ஆண்டவர் வரைக்குமா?” என்றார். மறுநாள் புளியைக் குறைத்துக் கரைத்தேன். உப்பு பத்தவில்லை என்றார்.

பள்ளிக்கூடத்தில் அக்கா முகம் வாடியிருந்தது. “தப்பா சொல்லிட்டனா டீச்சர்?”

“தப்பெல்லாம் என்னோடதுதான்க்கா. அது என் மனசுல இருந்தது. நீங்க உங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க.”

“என்னோடதும் சொல்லலாமா? நான் அதத்தான் ஜெபம்னு நெனச்சிக்கிட்டு, ஒரு வரி விடாம மனப்பாடம் பண்ணேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இருவரும் முழங்காலிட்டோம். அக்கா இந்த முறை தொண்டையைச் செருமவில்லை. “சாமி, எங்க வெள்ளாட்டுக்குக் கால்ல புண்ணு. அது நொண்டுறதப் பாக்க முடியல” என்றார். அவ்வளவுதான் ஜெபம்.

நாலாம் நாள் ஆடு நன்றாக நடந்தது. மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகச் சொல்லி அவர் கணவரிடம் நான் சொல்லியிருந்தேன். அவரும் ஓட்டிப் போயிருந்தார். அதை நாங்கள் இருவரும் அக்காவிடம் சொல்லவில்லை.