பூச்சு காய்வதற்குள்

படகுப் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் எறும்பு. அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். பாதி டீ சட்டையில் இருக்கும். தூக்கத்தில்கூட அவருக்குக் கால் ஆடும் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலையோ பொறுமையைக் கேட்கிற வேலை. படகுகளின் புரொப்பல்லரில் பாசியும் கொட்டலசும் ஏறாமல் பூச்சு போடுவது. கொட்டலசு என்பது விரல்நுனி அளவு வெள்ளை ஓடு. அதற்குள் ஒரு பூச்சி. ஒரு தடவை ஒட்டிவிட்டால் உளி வைத்துத் தட்டினால்தான் பெயரும். புரொப்பல்லர் முழுக்க அது ஏறிவிட்டால் என்ஜின் எவ்வளவு கத்தினாலும் படகு நகராது. டீசல் குடிக்கும், நடுங்கும், புகை விடும், அவ்வளவுதான்.

அவர் போடும் பூச்சு எதையும் கொல்லாது. வழுக்கும். புரொப்பல்லர் சுற்றும்போது ஒட்டப் பார்த்ததெல்லாம் சறுக்கிக்கொண்டு போய்விடும். அந்த வழுக்கலை உண்டாக்குவதில்தான் பாடு. பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது. அடுத்து மஞ்சள் அடிப்பூச்சு. அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மேலே சிலிக்கான் பூச்சைத் தடவிவிட வேண்டும். காய்ந்தபின் தடவினால் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்துவிடும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பூச்சு தடவுகிற தூரிகையை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. அதிலும் முக்கியமாக, அவருடைய மச்சினனிடம்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அதே பட்டறையில் என்ஜின் மெக்கானிக். ஆள் மலை மாதிரி இருப்பான், அசைவதும் மலை மாதிரிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் பூச்சு போட்டு முடித்த ஒரு புரொப்பல்லரில் சங்கிலியைச் சுற்றி இழுத்து, மூன்று இறக்கையிலும் கீறல் போட்டுவிட்டான். அவர் குதித்தார். அவன், "வெண்ணெய் தடவுற வேலைக்கு இவ்வளவு பந்தாவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, கிரேன்காரரைப் பார்த்து, "ஷாஃப்டைக் கழட்டியாச்சான்னு அந்த ஆளைக் கேளுங்க" என்பார் ஒருவர். "கழட்டியாச்சுன்னு சொல்லுங்க" என்பான் இன்னொருவன். நடுவில் மாட்டிக்கொண்ட கிரேன்காரர், "எனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அன்றைக்குக் கரையேறி நின்றது ஆஸ்பத்திரிப் படகு. எதிரே இருக்கும் தீவிலிருந்து நோயாளிகளை ஏற்றி வருவதற்கு இருக்கிற ஒரே படகு அதுதான். போன தடவை அவசரத்தில் பூச்சு போடாமலே இறக்கிவிட்டார்கள். கொட்டலசு அப்பிக்கொண்டு, திரும்பி வரும்போது மாட்டு வண்டி வேகம். இந்தத் தடவை விடக்கூடாது என்று அவர் காலையிலேயே வந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் கடல் ஏறும்போது இறக்கியாக வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த பெரிய ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை தீவுக்குப் படகில்லை.

அடிப்பூச்சு தடவி முடித்து, கையுறை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டோம். நிறைய ரத்தம் போவுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க."

"இன்னும் நாள் இருக்குன்னாங்களே?"

"நாளைப் பார்த்துட்டா வரும்? மாப்பிள்ளை ஊர்ல இல்ல. 'அப்பா எங்க, அப்பா எங்க'ன்னு கேக்குறா. வாங்க சீக்கிரம்!"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாழ்க்கையில் கால் ஓடாமல் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். ஒற்றை மகள். முதல் பிரசவம். எதிரே மஞ்சள் பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. வாசல் வரைக்கும் ஓடினார். திரும்பி வந்தார். மறுபடி ஓடினார். கிரேன்காரர் மேலேயிருந்து, "என்னய்யா ஆச்சு?" என்று கத்தியது காதில் விழவில்லை.

என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மச்சினனின் முன்னால் போய் நின்றார்.

"மாப்ள."

அவன் தலையைத் தூக்கி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான். பாப்பாவுக்கு ஆபரேஷனாம். ரத்தம் போவுதாம். நான் போகணும். அங்க அடிப்பூச்சு காயுது."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "போங்க மச்சான். ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க?"

"விரல்ல ஒட்டணும், ஆனா விரலோட வரக்கூடாது, அப்பதான் தடவணும். நுனியிலேர்ந்து உள்பக்கமா. ஒரே இழுப்பு. திரும்பத் திரும்பத் தேய்க்காத. புது கையுறை போட்டுக்க, உன் கை முழுக்க ஆயிலு..."

"மச்சான், நீங்க தடவுறதை வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேசலைன்னா பார்க்கவும் இல்லைன்னா நினைச்சீங்க? கிளம்புங்க!"

ஆட்டோவிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, ஓட்டுகிறவரின் தோள் வழியாகச் சாலையை எட்டி எட்டிப் பார்த்தார். "நீங்க இறங்கித் தள்ளினா வண்டி இன்னும் வேகமா போகும் சார்" என்றார் ஆட்டோக்காரர்.

ஆபரேஷன் அறை வாசலில் மனைவி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். "ஸ்ட்ரெச்சர்ல போகும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தா" என்றாள். அவர் நடக்க ஆரம்பித்தார். குடிநீர்க் குழாயிலிருந்து நோட்டீஸ் பலகை வரைக்கும், மறுபடி குழாய் வரைக்கும். தின்னர் வாசனை அடிக்கும் சட்டையோடு அவர் போய் வரும்போதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நர்ஸ் வெளியே வந்து, "ஐயா, கொஞ்சம் உட்காருங்களேன். உங்களைப் பார்த்தா எனக்கே படபடன்னு வருது" என்றாள். உட்கார்ந்தார். அவர் கால் ஆடியதில் பெஞ்சே ஆடியது. எழுந்துவிட்டார்.

மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அதன் பின்னாலேயே மஞ்சள் இறக்கைகளும் வந்தன. சே, இந்த நேரத்தில் இதை நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே போனை எடுத்தார். அதற்குள் அதுவே அடித்தது. மச்சினன்.

"தடவிட்டியா?" என்று இவரும், "பாப்பா எப்படி இருக்கா?" என்று அவனும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உள்ளதான் இருக்கா. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார் இவர்.

"ஒண்ணும் ஆகாது மச்சான். அக்கா கூட இருங்க. இங்க மூணு இறக்கையும் முடிஞ்சுது." கொஞ்சம் தயங்கினான். "வெண்ணெய் தடவுற வேலை இல்ல இது."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. பெண் குழந்தை. தாய்க்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், இனி பயமில்லை என்றார் டாக்டர். மனைவி அழுதாள். அவர் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். மகள் கண் திறந்து, "வந்துட்டீங்களாப்பா?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே சீராக வந்தது. பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் நின்றுகொண்டே அவள் கையைப் பிடித்திருந்தார். அவள்தான் கடைசியில், "சரிப்பா, போய்ப் பார்த்துட்டு வாங்க. உங்க கால் இங்க இல்ல" என்றாள்.

வெயில் சாயும்போது பட்டறைக்குத் திரும்பினார். படகைக் கிரேனில் தூக்கியிருந்தார்கள். புரொப்பல்லர் தேன் தடவிய மாதிரி மின்னியது. ஒரே ஒரு இடத்தில், கீழ் இறக்கையின் ஓரத்தில், ஒரு துளி வழிந்து நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய விரல் துடித்தது. தொட்டால் கெட்டுவிடும். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"வழிஞ்சிருச்சு, தெரியும். சொல்லிடுங்க" என்றான் மச்சினன்.

"பேத்தி உன்னை மாதிரி குண்டா இருக்கா" என்றார் அவர்.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிப் படகைக் கரையேற்றியபோது இறக்கைகள் ஏறக்குறைய சுத்தமாக இருந்தன. இறக்கைகள் சேருகிற நடுக்குமிழின் பின்பக்கம், தூரிகை எட்டாத மூலையில் மட்டும் கொட்டலசு கொத்தாக உட்கார்ந்திருந்தது. "குனியத் தெரியாதவன் தடவினா இப்படித்தான்" என்று அவர் ஆரம்பித்தார். "உங்களை மாதிரி எறும்பு உடம்பா இருந்தா நானும் குனிவேன்" என்று அவன் முடித்தான். இரண்டு பேரும் சேர்ந்து சுரண்டினார்கள், சேர்ந்து தேய்த்தார்கள், வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். அடிப்பூச்சு பிசுபிசுப்புக்கு வந்ததும் அவர் தூரிகையைச் சிலிக்கானில் நனைத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தா. இந்தத் தடவை பின்பக்கத்துலேர்ந்து ஆரம்பி."

அவன் முனகிக்கொண்டே மண்டியிட்டுக் குனிந்தான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நிற்பதுதான் அன்றைக்கு அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.