தண்ணீர்ப் பந்தலுக்கு எதிரே அக்கா விழுந்தாள்

நடுரோட்டில் ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றிக் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழுந்தவருக்குக் காற்று வேண்டும். அதைத்தான் முதலில் மறைப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். சாவிக்கொத்தைக் கையில் திணி என்பான் ஒருவன். செருப்பை மோக்க வை என்பான் இன்னொருவன். சுக்கை மென்று எச்சிலோடு சேர்த்துக் காதில் ஊதுவதற்கென்றே ஒரு மகானுபாவர் எங்கிருந்தாவது முளைப்பார். கருமம்! அந்த எச்சிலைத் துடைத்துவிடக்கூட ஒருத்தருக்கும் தோன்றாது. இந்த வயதிலும் அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் புகுந்து, தள்ளிப் போங்கள் என்று நான் கத்துவதைப் பார்த்து என் பிள்ளைகள் கூசுகிறார்கள். கூசட்டும். அக்கா விழுந்த அன்றைக்கு அவர்கள் பிறக்கவே இல்லை.

அது யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆளுயர இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையின் வேகத்தில் வண்டியை ஓட்டுவார்கள். கொஞ்சம் ஏற்றம் வந்தால் போதும், முக்கி முனகி நின்றுவிடும். இறங்கி நெருப்பைக் கிண்டி, மறுபடி கரி போட்டுக் கிளப்ப வேண்டும். விழுப்புரத்தில் ஏறினால் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தப் பீப்பாயை ஒட்டிய கடைசி பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும்போது எவர் உட்காருவார்? நாங்கள் உட்காருவோம். சேரி ஆட்கள் ஏறினால் கண்டக்டர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான். மோவாயால் பின்பக்கத்தைக் காட்டுவான். டிக்கெட் மட்டும் எல்லாருக்கும் ஒரே டிக்கெட்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. அப்பா கண்டமங்கலம் பக்கம் இன்னொருத்தியோடு போனவர், திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவைக் கட்டிய மாமா திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கினார். விழுப்புரத்துக் குடிசையில் நான் தனியாக அம்மை போட்டுக் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு அக்கா ஓடி வந்தாள். பச்சைத் தண்ணீரும் கேப்பைக் கூழுமாகத் தன் வயிற்றை ஓட்டிக்கொண்டு, எனக்கு வேப்பிலை வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தேறியதும் என்னையும் கூடவே அழைத்துக்கொண்டு கிளம்பினாள். அவளை விட்டால் எனக்கு இந்த உலகத்தில் நாதி கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

கத்திரி வெயில். கடைசி பெஞ்சில் காற்று வரும் ஓரத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு, அவள் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். விக்கிரவாண்டி வரைக்கும் அவளுக்கு வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன், முட்டாள். தோளைத் தொட்டால் சூளையிலிருந்து எடுத்த ஓடு மாதிரி காய்ந்து கொதித்தது.

"ஆட்ட அவுத்து உட்டியாடி?" என்றாள்.

எங்களிடம் ஆடு ஏது? கண் என்னைப் பார்க்கவில்லை.

"வண்டிய நிறுத்துங்க சாமி, எங்கக்காவுக்கு என்னமோ ஆவுது!" என்று கத்தினேன்.

"கரி கிண்டறதுக்கு நிக்கும். அப்ப எறங்கிக்க," என்றான் கண்டக்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மயிலத்துக்குப் பிரிகிற ரோட்டுக்கு முன்னால் நின்றது. சரியாக ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு எதிரே. திண்டிவனத்து மண்டி முதலாளி ஒருவர் மயிலம் மலைக்கு நடந்து போகிற பக்தர்களுக்காகப் போட்டிருந்த பந்தல் அது. அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே ஈர மணலில் மூன்று பானைகள், ஓரமாக ஒரு மோர்ச் சட்டி. ஊர்க்காரர்களுக்குச் செம்பில் மொண்டு கொடுப்பார்கள். எங்களுக்குக் கீற்றுத் தட்டியில் ஓட்டை போட்டு மூங்கில் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். பந்தல்காரர் உள்ளேயிருந்து ஊற்றுவார். நாங்கள் வெளியே குனிந்து நின்று கையேந்திக் குடிக்க வேண்டும். இதற்கும் ஒரு பாராட்டு உண்டு, கேளுங்கள். அவங்களுக்கும் ஒரு வழி பண்ணி வச்சிருக்காரே, எவ்ளோ பெரிய மனசு! தூ.

படியில் கால் வைத்த அக்கா அப்படியே குப்புறச் சரிந்தாள். இழுத்துக்கொண்டுபோய்ப் புளியமரத்தடியில் கிடத்தினேன். பஸ் ஜனம் முழுக்க இறங்கி வந்து சுற்றி நின்றது. காற்றை மறைக்காத கூட்டம் என் ஆயுளில் அது ஒன்றுதான். எங்கள் மேல் பட்டுவிடும் என்று அத்தனை பேரும் எட்டவே நின்றார்கள்.

எட்ட நின்றால் என்ன, வாய் நிற்குமா?

"இது ஜன்னி. ஒரு சொட்டுத் தண்ணி காட்டிடாத. இழுத்துப் போத்து," என்றாள் கழுத்து நிறைய நகை போட்ட அம்மாள் ஒருத்தி. கொதிக்கிற உடம்பைப் போர்த்த வேண்டுமாம்.

"ஜன்னியாவது ஒண்ணாவது! உச்சி வேளையில புளியமரத்தாண்ட வந்தா முனி அடிக்காம இன்னா பண்ணும்?" என்றார் பக்கத்தில் நின்றவர். அவரும் அதே மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஜிப்பா போட்ட ஒருத்தர் முன்னால் வந்தார். கூடவே அவர் பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "அதெல்லாம் ஒண்ணுமில்ல. செருப்ப மோக்க வையி, ஜல்தியா எழுந்துக்குவா," என்றார்.

எங்களுக்குச் செருப்பு ஏது? போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க விட்டுவிடுவார்களா? "உங்க செருப்பக் குடுங்க சாமி," என்று கேட்டேன்.

அவர் தம் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்பறம் அத நான் எப்பிடி மாட்டிக்கிறது?" என்றார்.

சாணியையும் எச்சிலையும் மிதித்து வந்த செருப்பு, என் அக்காவின் மூக்கில் பட்டால் கெட்டுப்போய்விடுமாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. நிஜமாகவே கவலையோடு சொன்னார். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பு தாங்கவில்லை.

"இரும்பக் கையில குடுத்தா தெளிஞ்சிடும். இந்தா!" என்று கண்டக்டர் கரி கிண்டுகிற கம்பியைத் தூக்கி என் பக்கம் எறிந்தான். அப்போதுதான் நெருப்புக்குள்ளிருந்து எடுத்த கம்பி. பிடிக்கிற பக்கம் சாக்கு சுற்றியிருந்தது. நான் எடுத்தது அந்தப் பக்கத்தை இல்லை. ஐயோ என்று உதறினேன். உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விட்டது. உடனே வைத்தியர்களுக்கு இரண்டாவது நோயாளி கிடைத்துவிட்டாள். மசியைத் தடவு, சாணியை அப்பு என்றார்கள். ஒருவர் ரோட்டோரத்தில் கிடந்த சாணியைத் தேடிப்பிடித்து, கால் விரலால் எனக்குக் காட்டினார்.

எங்கள் சேரியில் வெயில் தாக்கி விழுந்தவர்களுக்கு யாரும் எதையும் மோக்கக் காட்டுவதில்லை. ஏற்றம் இறைக்கிற வாய்க்காலில் கொண்டுபோய்க் கிடத்துவார்கள். உடம்பு குளிர்கிற வரைக்கும் தலையிலும் மேலிலும் தண்ணீரை வாரி வாரி ஊற்றுவார்கள். அறுப்புக் காலத்தில் எத்தனை பேர் அப்படி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்! அக்காவுக்கு வேண்டியது தண்ணீர். தண்ணீர் இதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பந்தல்காரரிடம் ஓடினேன். "ஒரு பான தண்ணி குடுங்க சாமி. மேல ஊத்தணும். உசுரு போவுது."

"குடிக்கிறதுக்குக் கொழாயாண்ட போயி கையேந்து. மேல ஊத்தறதுக்கெல்லாம் மொதலாளி சொல்லல," என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர். அதைவிடக் கெட்டது வேறு உண்டா என்று எனக்குத் தெரியாது.

குழாயடியில் கையேந்தினேன். வெந்த கையும் வேகாத கையும் சேர்ந்து எவ்வளவு தண்ணீரைப் பிடித்துவிடும்? ரோட்டைத் தாண்டுவதற்குள் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடினேன். அவள் நெற்றியில் வைத்த உடனே காய்ந்தது. மறுபடி ஓடினேன். "போதும் போ. மத்தவங்களுக்கு வேணாமா?" என்று அவர் செம்பைக் கவிழ்த்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அக்காவின் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. நகை போட்ட அம்மாள், "நான்தான் சொன்னனே, ஜன்னி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நான் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தலுக்குள் நுழைந்தேன். நேராக நடந்து, பெரிய பானைக்குள் என் வெந்த கையை முழங்கை வரைக்கும் விட்டேன்.

கை எரிந்த வேதனையில் தெரியாமல் விட்டுவிட்டாள், பாவம் என்று பிற்பாடு சிலர் எனக்காகப் பரிந்து பேசினார்கள். பரிய வேண்டாம். தெரிந்தேதான் விட்டேன். கெஞ்சினால் ஒரு செம்பு கிடைக்காது. தொட்டால் பானையே என்னுடையது. அவர்கள் வழக்கம் அது, நான் உண்டாக்கவில்லை.

பந்தல்காரர் தலையிலடித்துக்கொண்டார். "பானையத் தொட்டுட்டா! பானையத் தொட்டுட்டா!" அதுவரை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் அக்காவை விட்டுவிட்டுப் பானைக்குத் திரும்பியது.

"இனிமே இந்தத் தண்ணி யாருக்கு ஆவும் சாமி?" என்று கேட்டுவிட்டுப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. தடுப்பதென்றால் என்னைத் தொட வேண்டுமே! அடிக்கக் கம்பு வேண்டும். கம்பைத் தேடுவதற்குள் நான் நடந்துவிட்டேன். அத்தனை பேரும் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டார்கள். விலகி நிற்பது எங்கள் வேலை. அன்றைக்கு ஒருநாள் அவர்கள் செய்தார்கள்.

தலையில் ஊற்றினேன். கழுத்தில், அக்குளில், மாரில், தொடையில் ஊற்றினேன். சேலையைத் தளர்த்தி நனைத்துவிட்டு, பந்தலிலிருந்து உருவி வந்த கீற்றால் விசிறினேன். வாயில் மட்டும் ஊற்றவில்லை. நினைவில்லாதவளுக்குப் புரையேறிவிட்டால் என்ன செய்வது? ஓங்கரித்தபோது ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். இழுப்பு நின்றது. "எழுந்திருக்கா, நான் இருக்கறேன்க்கா, என்ன உட்டுட்டுப் போயிடாதக்கா," என்று அழுதுகொண்டே வீசினேன்.

முதுகுக்குப் பின்னால் பஞ்சாயத்து நடந்தது. அந்த ஒரு பானை மட்டும் கெட்டதா, மூன்றுமா? ஜிப்பாக்காரர் தீர்ப்புச் சொன்னார்: அவள் பந்தலுக்குள் கால் வைத்துவிட்டாள், ஆகவே மூன்றும் போச்சு, மோரும் போச்சு. எங்களுக்கு வைத்தியம் சொல்கிற மும்முரத்தில் அவர்களில் பாதிப்பேர் இன்னும் தண்ணீரே குடித்திருக்கவில்லை. நாக்கு வறள நின்றுகொண்டு, நிறைந்திருந்த பானைகளைப் பார்த்துக்கொண்டு, குடிக்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்! ஜிப்பாக்காரரின் குழந்தை தண்ணி, தண்ணி என்று வீறிட்டது. அதன் அம்மா பந்தல் பக்கம் ஓரடி வைத்தாள். அவர் முறைத்தார். அவள் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

முதலாளியிடம் முறையிடப் பந்தல்காரரும் அதே பஸ்ஸில் போய்விட்டார். ஈரத்தோடு ஏறக் கூடாது என்று கண்டக்டர் எங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். அக்கா பிழைத்தாளா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து என் பேரைச் சொன்னாள். மெல்ல நடத்திக்கொண்டுபோய்ப் பந்தலுக்குள் மணலில் உட்காரவைத்தேன். சட்டிக்குப் பக்கத்தில் இருந்த உப்பை மோரில் போட்டு, செம்பில் கொடுத்தேன். வாய் வாயாகக் குடித்தாள். "உள்ள யாருடி உட்டாங்க?" என்று கேட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் குழந்தை அழுததையும் சொன்னேன்.

செம்பில் மிச்சமிருந்த மோரைப் பார்த்தாள். "அந்தக் கொழந்தைக்கு ஒரு செம்பு குடுத்து அனுப்பியிருக்கலாம்ல?" என்றாள்.

"குடுத்தா வாங்கியிருக்க மாட்டாங்கக்கா."

"போடி. கொழந்தைக்குன்னா வாங்கிக்குவாங்க. பெத்தவங்க இல்லியா?" என்றாள்.

இன்னும் பிதற்றுகிறாளோ என்று பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.